ரூ.500 வேலி: மிளகு இறக்குமதி விதி இடுக்கி விவசாயியைக் காக்கத் தவறியது எப்படி?

கட்டப்பனை: 2017 டிசம்பர் 6-ஆம் தேதி மத்திய அரசின் வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம் ஓர் அறிவிக்கையை வெளியிட்டது. சரக்கின் விலை, காப்பீடு, கப்பல் கட்டணம் ஆகிய மூன்றும் சேர்ந்து கிலோ ரூ.500-க்குக் குறைவாக இருந்தால் அந்த மிளகை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்ய முடியாது என்பதே அதன் சாரம். வெளிநாட்டு மிளகு மலிவாக வந்து குவிவதைத் தடுத்து உள்நாட்டு விவசாயியைக் காப்பதற்காகவே இந்தக் குறைந்தபட்ச இறக்குமதி விலை கொண்டுவரப்பட்டது. அப்போது வணிகத் துறை அமைச்சராக இருந்தவர் சுரேஷ் பிரபு. கேரளத்தின் இடுக்கி, வயநாடு மாவட்டங்களிலும் கர்நாடகத்தின் குடகிலும் விவசாயிகள் இந்த முடிவை வரவேற்றனர்.

ஆனால் அடுத்த இரண்டு அறுவடைகளில் மிளகு விலை ஏறவில்லை. 2016-இல் கிலோ ரூ.700-ஐ ஒட்டி விற்ற மிளகு, 2019-20 காலத்தில் ரூ.300-ஐ நோக்கி இறங்கியது. வெளிநாட்டுச் சரக்கு ரூ.500-க்குக் குறைந்து உள்ளே வரக் கூடாது என்று விதி இருக்கும்போது, உள்நாட்டில் ரூ.300-க்கு மிளகு கிடைத்தால் யார் இறக்குமதி செய்வார்கள்? கணக்குப்படி இறக்குமதி நின்றிருக்க வேண்டும். அது நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்பதற்கான விடை இடுக்கியில் இல்லை. கொழும்பிலும் நேபாள எல்லையிலும் இருக்கிறது.

சாக்கு மூட்டையில் சேமிப்பு

விலைச் சரிவு இடுக்கி மலைக் குடும்பங்களைப் பாதித்த விதம் சற்று வேறுபட்டது. உடும்பன்சோலை, நெடுங்கண்டம், ராஜாக்காடு, குமுளிப் பகுதிகளில் பெரும்பாலானவை சிறு தோட்டங்கள். ஏலத்துக்கும் காப்பிக்கும் இடையே நிற்கும் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றப்பட்டிருக்கும். ஏலம் அவ்வப்போது கைச்செலவுக்குப் பணம் தரும். மிளகு அப்படியல்ல. நன்றாகக் காய்ந்த மிளகு ஆண்டுக்கணக்கில் கெடாது. எனவே அறுவடையை அப்படியே விற்காமல் சாக்கில் கட்டி வீட்டுக்குள் வைப்பது இங்குள்ள வழக்கம். பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், மகளின் திருமணம், மருத்துவமனைச் செலவு என்று ஏதேனும் வரும்போது இரண்டு மூட்டை கட்டப்பனைக்கோ நெடுங்கண்டத்துக்கோ செல்லும். நகரத்துக் குடும்பம் வங்கியில் வைப்புத்தொகை போடுவதைப் போன்றது இது. விலை பாதியாகக் குறைந்தபோது அந்த ஆண்டின் விளைச்சல் மட்டுமின்றி, முந்தைய ஆண்டுகளின் சேமிப்பும் சேர்ந்தே பாதியானது.

இதற்கிடையே 2018 ஆகஸ்ட் 9-ஆம் தேதி, 26 ஆண்டுகளுக்குப் பிறகு செறுதோணி அணையின் மதகு திறக்கப்பட்டது. பெருமழையும் நிலச்சரிவும் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டன. நீர் தேங்கிய தோட்டங்களில் வாடல் நோய் பரவிக் கொடிகள் காய்ந்தன. 2019-இன் தொடக்க மாதங்களில் கடன் சுமையால் இடுக்கியில் விவசாயிகள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் அடுத்தடுத்து வந்தன. அந்த ஆண்டு மார்ச் மாதம், விவசாயக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதற்கான அவகாசத்தை டிசம்பர் 31 வரை நீட்டிக்க மாநில அமைச்சரவை முடிவு செய்தது. இத்தனைக்கும் மிளகு விலை மட்டுமே காரணம் என்று கூற இயலாது. ஆனால் இடர்க்காலத்தில் கைகொடுக்க வேண்டிய மூட்டைகள் அப்போது பாதி விலைக்குத்தான் போயின.

அண்டை நாட்டுக்கு அளித்த சலுகை

இந்தியாவும் இலங்கையும் 1998 டிசம்பர் 28-ஆம் தேதி தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2000 மார்ச் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. சிறிய அண்டை நாடுகளிடமிருந்து சமமான பதில் சலுகையை எதிர்பார்க்காமல் இந்தியா கொடுக்க வேண்டும் என்ற ஐ.கே.குஜ்ராலின் வெளியுறவுக் கொள்கை அப்போது தில்லியில் செல்வாக்குடன் இருந்தது. ஒப்பந்தத்திலும் அதன் சாயல் தெரிகிறது. இலங்கைப் பொருள்களுக்கு இந்தியா அளித்த வரிவிலக்கு, இந்தியப் பொருள்களுக்கு இலங்கை அளித்ததைவிட விரைவானது, பரவலானது. ஒருவகையில் அது வெளிநாட்டு உதவிதான். பணமாகக் கொடுத்தால் நிதிநிலை அறிக்கையில் ஒரு வரியாக இடம்பெறும். வரிச்சலுகையாகக் கொடுக்கும்போது அந்தச் செலவு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. உள்நாட்டில் அதே பொருளை விளைவிப்பவர் அதைச் செலுத்துகிறார்.

இந்த ஒப்பந்தத்தின்படி ஆண்டுக்கு 2,500 டன் இலங்கை மிளகு வரியின்றி வரலாம். அதற்கு மேல் வருவதற்குத் தெற்காசியத் தடையற்ற வணிகப் பகுதி ஒப்பந்தத்தின்கீழ் 8 விழுக்காடு வரி போதும். பிற நாடுகளுக்குப் பொதுவான வரி 70 விழுக்காடு. வியட்நாம் உறுப்பு நாடாக உள்ள ஆசியான் அமைப்புடன் 2009 ஆகஸ்ட் 13-இல் கையெழுத்தான ஒப்பந்தம், மிளகைச் 'சிறப்புப் பொருள்' பட்டியலில் சேர்த்து, வரியை 70-இலிருந்து படிப்படியாக 50 விழுக்காடாகக் குறைத்தது.

உலகில் மிக அதிகமாக மிளகு விளையும் நாடு வியட்நாம். அங்கு ஓர் ஹெக்டேரில் கிடைக்கும் விளைச்சல் இந்தியாவைவிடப் பல மடங்கு. ஆக, ஒரே பொருளுக்கு மூன்று வாசல்கள்: வியட்நாமிலிருந்து நேரே வந்தால் 50 விழுக்காடு, இலங்கையிலிருந்து வந்தால் 8, ஒதுக்கீட்டுக்குள் வந்தால் சுழியம். வியட்நாம் மிளகு கொழும்பில் இறங்கி, 'இலங்கை விளைச்சல்' என்ற சான்றிதழுடன் தூத்துக்குடிக்கோ சென்னைக்கோ கொச்சிக்கோ புறப்பட்டால் என்ன ஆகும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. இத்தகைய முன்னுதாரணமும் இருந்தது. ஒப்பந்தம் வந்த சில ஆண்டுகளிலேயே, பாமாயில் பெருமளவில் விளையாத இலங்கையில் வனஸ்பதி ஆலைகள் முளைத்தன. வெளியிலிருந்து பாமாயிலை வாங்கி வனஸ்பதியாக்கி இந்தியாவுக்கு அனுப்பின. இந்தியா அதற்கு அளவுக் கட்டுப்பாடு விதித்த பிறகே அந்த வெள்ளம் வடிந்தது.

கணக்கில் ஒளிந்திருந்த ஓட்டை

மிளகுக்கு அரசு தேர்ந்தெடுத்தது விலைக் கட்டுப்பாடு. அங்கேதான் கணக்கு பிசகியது. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 2019 வாக்கில் வியட்நாம் மிளகின் உண்மை விலை, கப்பல் கட்டணம் சேர்த்துக் கிலோவுக்கு ஏறத்தாழ ரூ.200 என்று கொள்வோம்.

குறைந்தபட்ச விலை விதி இல்லாத நிலையில், நேரே வியட்நாமிலிருந்து வாங்குபவர் ரூ.200-உடன் 50 விழுக்காடு வரியாக ரூ.100 சேர்த்து ரூ.300 செலவிடுவார். இலங்கை வழியே கொண்டுவருபவர் 8 விழுக்காடு வரியாக ரூ.16 சேர்த்து ரூ.216 செலவிடுவார். இரு வழிகளுக்கும் உள்ள இடைவெளி ரூ.84.

விதி வந்த பிறகு இருவருமே ஆவணத்தில் விலையை ரூ.500 என்று காட்டியாக வேண்டும். வரி உண்மை விலைக்கு அல்ல, காட்டிய விலைக்கு. நேர்வழியில் வருபவருக்கு வரி ரூ.250, அவருடைய அடக்கவிலை ரூ.450 ஆகிவிடுகிறது. உள்நாட்டு விலை அதைவிடக் குறைவு என்பதால் அவர் ஒதுங்கிக்கொள்வார். இலங்கை வழியில் வருபவருக்கு வரி ரூ.40 மட்டுமே, அடக்கவிலை ரூ.240. இடைவெளி ரூ.84-இலிருந்து ரூ.210 ஆக விரிந்துவிட்டது. 2,500 டன் ஒதுக்கீட்டுக்குள் வந்தால் அந்த ரூ.40-உம் கிடையாது. பூட்டுப் போட வந்தவர் முன்வாசலை இழுத்துச் சாத்திவிட்டுக் கொல்லைப்புறத்தை மறந்துவிட்டார்.

இன்னொன்றும் உண்டு. ரூ.200 பெறுமான சரக்குக்கு ரூ.500 என்று விலைப்பட்டியல் போட்டால், வங்கி வழியே ரூ.500 வெளிநாட்டுக்குச் சட்டப்படியே சென்றுவிடும். மிகுதியான ரூ.300 ஹவாலா வழியில் திரும்பலாம். திரும்பாமல் வெளிநாட்டிலேயே தங்கவும் செய்யலாம். கணக்கில் வராத பணத்தை நாட்டைவிட்டு வெளியேற்ற விரும்பும் ஒருவருக்கு மிளகு வணிகத்தில் இலாபமே தேவையில்லை. வழக்கமாகச் சுங்க அதிகாரிகள் கண்காணிப்பது வரியைக் குறைப்பதற்காக விலையைத் தாழ்த்திக் காட்டும் இறக்குமதியாளரை. இங்கே சட்டமே விலையை உயர்த்திக் காட்டத் தூண்டியது. மிகைவிலைப் பட்டியல் குறித்து விவசாயிகள் அமைப்புகளும் உள்நாட்டு வணிகர்களும் அந்த ஆண்டுகளில் தொடர்ந்து புகார் கூறினர்.

2018 மார்ச்சில் அரசு விதியை இறுக்கியது. ரூ.500-க்குக் கீழுள்ள மிளகு 'தடைசெய்யப்பட்ட இறக்குமதி' என வகைப்படுத்தப்பட்டது. அதற்கு மேல் மதிப்புக் காட்டினால் தடையில்லை. காகிதத்தில் எழுதும் எண்ணை நம்பித்தான் இந்தத் திருத்தமும் நின்றது.

வாளையாரைக் கடக்காத லாரி

எல்லை என்றதும் கேரளத்தில் நினைவுக்கு வருவது பாலக்காட்டின் வாளையார். தமிழகத்திலிருந்து வரும் சரக்கு லாரிகள் வணிகவரிச் சோதனைக்காகக் கிலோமீட்டர் கணக்கில் வரிசை கட்டி நின்ற இடம். 2017 ஜூலை 1-இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் அந்த வணிகவரிச் சாவடி மூடப்பட்டது. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மலைவாசல்களிலும் அதே நிலைதான். இந்தச் சாவடிகள் இருந்திருந்தால் வெளிநாட்டு மிளகைப் பிடித்திருக்கலாமே என்ற ஆதங்கம் விவசாயிகளிடம் எழுவது இயல்பு.

ஆனால் இடுக்கி விவசாயியை நட்டப்படுத்த வியட்நாம் மிளகு வாளையாரைக் கடக்க வேண்டியதே இல்லை. இந்திய மிளகின் பெரும்பகுதியை உண்பது இந்தியாதான். அதிலும் வட மாநிலச் சந்தைகளின் தேவை பெரிது. தில்லியிலோ கான்பூரிலோ உள்ள மொத்த வணிகருக்கு மலிவுச் சரக்கு அங்கேயே கிடைத்துவிட்டால், அவர் கொச்சிக்குத் தொலைபேசி எடுக்கமாட்டார். கொச்சி மட்டாஞ்சேரியில் கேட்பு குறையும். மறுநாள் கட்டப்பனைக் கடையின் விலைப்பலகையில் எண் இறங்கும். இடையில் ஒரு லாரிகூட மலை ஏறியிராது.

அந்த மலிவுச் சரக்கின் இன்னொரு வழி நேபாளம். மிளகு விளைச்சலுக்குப் பெயர்பெற்ற நாடல்ல அது. இருந்தும் அங்கு மிளகு பெருமளவில் இறக்குமதியானது. ஏறத்தாழ 1,750 கிலோமீட்டர் நீளமுள்ள திறந்த எல்லையில், பிர்கஞ்சிலிருந்து ரக்ஸாலுக்கு வருவதற்குக் கடவுச்சீட்டு தேவையில்லை; மூட்டைக்குக் குறைந்தபட்ச விலையும் தேவையில்லை. நிலைமை முற்றி, 2020-இல் நேபாள அரசே மிளகு, பாக்கு, பட்டாணி முதலியவற்றின் இறக்குமதியைத் தடை செய்தது. தன் அந்நியச் செலாவணி, தன் மக்கள் உண்ணாத பொருளுக்குக் கரைகிறது என்பது அதன் கவலை. இந்தியா போட வேண்டிய தாழ்ப்பாளை நேபாளம் போட்டது என்று கூறினாலும் தவறில்லை.

கிழக்கே மியான்மர் எல்லையில் மணிப்பூரின் மோரே நகரம் இருக்கிறது. தமிழ் வாசகர்களுக்கு அவ்வூர் புதிதல்ல. 1962-இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றிய பின் பர்மாவிலிருந்து வெளியேற நேர்ந்த தமிழர்களில் சிலர், தமிழகத்தில் வாழ வழி காணாமல் மீண்டும் பர்மாவுக்கே நடந்து செல்ல முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு, அங்கேயே தங்கினர். இன்றும் அங்கே அங்காள பரமேஸ்வரி கோயிலும் தமிழ்ச் சங்கமும் உள்ளன. 1994-இல் இந்தியாவும் மியான்மரும் செய்துகொண்ட எல்லை வணிக ஒப்பந்தப்படி 1995-இல் மோரேயில் வணிகம் முறைப்படி திறக்கப்பட்டது. அனுமதிக்கப்பட்ட பொருள்களின் பட்டியல் மிகக் குறுகியதாக இருந்தது. சந்தையின் தேவையோ அகலமானது. பட்டியலில் இடம் பெறாதவை காட்டுப் பாதையைத் தேர்ந்தன. பாக்கும் காட்டுப் பாதையில் வந்தது. மிளகும் அதே தடத்தில் வருவதாகத் தென்னிந்திய விவசாயிகள் புகார் கூறி வருகின்றனர்.

மாத்தளை விவசாயியும் தோற்றார்

இலங்கைச் சலுகையால் இலங்கை விவசாயியாவது வாழ்ந்தாரா என்றால், அதுவும் முழுமையாக இல்லை. மாத்தளை, கண்டி, கேகாலை மாவட்டங்களில் விளையும் மிளகு காரமும் எண்ணெய்ச் சத்தும் மிக்கது. மிளகிலிருந்து சாறு பிரித்தெடுக்கும் கொச்சிப் பகுதி ஆலைகள் அதை விரும்பி வாங்குபவை. இந்த ஒப்பந்தம் உண்மையில் பயன்பட வேண்டியது அந்த விவசாயிகளுக்குத்தான். ஆனால் வெளிநாட்டு மிளகு கொழும்புக்கு வந்து மறு ஏற்றுமதியாகத் தொடங்கியதும், அவர்களுடைய சரக்குக்கு இருந்த தனி மதிப்பு கரைந்தது. அங்கும் விலை சரிந்து எதிர்ப்பு எழுந்தது. 2019 டிசம்பரில், புதிதாகப் பொறுப்பேற்ற கோத்தபய ராஜபக்ச அரசு மிளகு உள்ளிட்ட வாசனைப் பொருள்களை இறக்குமதி செய்து மறு ஏற்றுமதி செய்வதைத் தடை செய்தது. ஆக, சலுகை கொடுத்த நாட்டின் விவசாயியும் பெற்ற நாட்டின் விவசாயியும் ஒருசேர இழந்தனர். இடையில் கொழும்புக் கிடங்கில் சாக்கு மாற்றியவருக்கே அது பயன்பட்டது.

இந்திய அரசும் காலம் தாழ்த்தி விழித்துக்கொண்டது. சுங்கச் சட்டத்தில் 2020-இல் புதிய பிரிவு சேர்க்கப்பட்டு, அந்த ஆண்டு செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதுவரை, ஏற்றுமதி செய்யும் நாடு தரும் உற்பத்தி நாட்டுச் சான்றிதழைக் காட்டினாலே சலுகை வரி கிடைத்தது. புதிய விதிகளின்படி, பொருள் அந்த நாட்டில்தான் விளைந்தது என்பதற்கான தகவல்களை இறக்குமதியாளரே கையில் வைத்திருக்க வேண்டும். ஐயம் எழுந்தால் சுங்கத் துறை சலுகையை நிறுத்தி விசாரிக்கலாம். ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து இருபது ஆண்டுகள் கழித்துப் பிறந்த விதி இது. விலை வேலிக்குப் பதிலாக 2017-இலேயே இதைச் செய்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கக்கூடும் என்று கருத இடமுண்டு. மிளகு எந்தக் கொடியில் காய்த்தது என்று கேட்பதை விடுத்து, எவ்வளவு விலை என்று கேட்டதுதான் அடிப்படைப் பிழை.

அதே 2020-இல் மலைவாசல்களில் வேறொரு முரணும் நிகழ்ந்தது. தேனி மாவட்டத்தின் கம்பம், போடி வட்டாரங்களிலிருந்து விடியற்காலை ஜீப்புகளில் ஏறி இடுக்கித் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்பவர்கள் ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்கள். மார்ச் இறுதியில் ஊரடங்கு தொடங்கியதும் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழிகள் அவர்களுக்கு அடைபட்டன. நோய்த்தொற்றுக் காலத்தில் தடை தேவைப்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அன்றாடம் மலை ஏறி அன்றே இறங்கும் தொழிலாளிக்கும், பெருநகரத்திலிருந்து வரும் பயணிக்கும் ஒரே அனுமதிச் சீட்டு நடைமுறைதான் இருந்தது. தோட்டத்தில் ஆள் இல்லை. ஊரில் கூலி இல்லை. மூட்டையைக் கேள்வி கேட்காமல் விட்ட எல்லை, அதைச் சுமப்பவரை நிறுத்தியது.

கையெழுத்து ஓரிடம், சுமை வேறிடம்

இத்தகைய தவறுகள் திரும்பத் திரும்ப நிகழ்வதற்கு அரசமைப்பு சார்ந்த ஒரு காரணமும் உள்ளது. வெளிநாட்டு வணிகமும் சுங்க எல்லையும் ஏழாவது அட்டவணையின் மத்தியப் பட்டியலில் இருக்கின்றன. வேளாண்மை மாநிலப் பட்டியலில். ஒப்பந்தத்தைப் பேசுவதும் கையெழுத்திடுவதும் தில்லியின் உரிமை. விலை விழுந்தால் கடன் அவகாசம், நிவாரணம், மறு நடவு உதவி என்று செலவு செய்வது மாநிலத்தின் கடமை. ஆசியான் ஒப்பந்தத்தை எதிர்த்து 2009 அக்டோபர் 2-இல் கேரளத்தின் ஆளும் இடதுசாரிக் கூட்டணி மாநிலம் நெடுக மனிதச் சங்கிலி அமைத்தது. முதலமைச்சர் வி.எஸ்.அச்சுதானந்தனும் ஒப்பந்தத்தை எதிர்த்தார். சட்டப்படி மாநிலத்தால் செய்ய முடிந்தது ஏறத்தாழ அவ்வளவே. மூன்று மாதங்களில், 2010 ஜனவரி 1-இல், ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது.

தில்லியின் பக்கம் நியாயமே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. 2022-இல் இலங்கை பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தபோது, சுமார் 400 கோடி டாலர் உதவியுடன் முதலில் ஓடிச்சென்றது இந்தியா. அந்த உறவைப் பேணுவதற்கு வணிகச் சலுகைகளும் தேவை. மிளகுச் சாறு ஆலைகளுக்கும் இறக்குமதிச் சரக்கு வேண்டும். அவற்றால் கேரளத்தில் வேலைவாய்ப்பு உண்டாகிறது. ஏற்றுமதிக்காக மூலப்பொருளை வரவழைக்கும் நிறுவனங்களுக்குக் குறைந்தபட்ச விலையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டதன் காரணமும் அதுவே. அப்படி வரும் மிளகு உள்நாட்டுச் சந்தைக்குக் கசிகிறதா என்பதைக் கண்காணிக்க வேண்டும் என்பது விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கை.

இன்று மிளகு விலை மீண்டும் ரூ.600-ஐத் தாண்டியிருக்கிறது. அதற்குக் காரணம் இந்தியாவின் எந்த விதியும் அல்ல. விலைச் சரிவால் சலித்துப்போன வியட்நாம் விவசாயிகள் மிளகைக் கைவிட்டுக் காப்பிக்கும் துரியன் பழத்துக்கும் மாறினர். உலக அளவில் வரத்து குறைந்தது. 2024, 2025-இல் வியட்நாம் மிளகின் விலையே கிலோ ரூ.500-ஐக் கடந்துவிட்டதால், குறைந்தபட்ச இறக்குமதி விலை விதி இப்போது எவரையும் தடுக்கவில்லை. தேவைப்பட்டபோது பயன்படாத வேலி, தேவையற்ற காலத்தில் நிற்கிறது.

இந்த விலையின் பயன் இடுக்கியில் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. வாடலில் காய்ந்த கொடிகளுக்குப் பதிலாகப் பலர் ஏலம் நட்டுவிட்டனர். புதிதாக நடப்படும் கொடி காய்ப்புக்கு வர மூன்று ஆண்டுகள் பிடிக்கும். ஆசியான் சரக்கு வணிக ஒப்பந்தத்தை மறுஆய்வு செய்யும் பேச்சு இதற்கிடையே நடந்து வருகிறது. இலங்கைக்கான 2,500 டன் ஒதுக்கீடும் 8 விழுக்காடு வரியும் அப்படியே இருக்கின்றன.